“ஒண்ணுமில்லப்பா” என்று அம்மா சொல்லும்போது

உட்காருங்கள், டீ வரட்டும். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், அடுத்த வாரம் முதல் கீமோ என்றீர்கள். பயாப்சி, ஸ்கேன், எக்கோ எல்லாம் முடிந்து ஃபைல் தடித்துவிட்டது தெரிகிறது. எந்த மருந்து, எத்தனை முறை என்பதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். அம்மாவின் பக்கத்து ஸ்டூலில் உட்காரப்போகும் உங்களுக்கு என்ன வேலை என்பதை மட்டும், என் அம்மாவுக்குத் துணையிருந்தபோது தெரிந்துகொண்டதை வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் வேலையை முதலில் கடினமாக்கப்போவது அம்மாவேதான். “ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்” என்பார். காய்ச்சலோடு அடுப்படியில் நின்றவர், கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிட்டுப் பழகியவர். தன் உடம்பைப் பற்றிப் பேசினால் அடுத்தவருக்குச் சிரமம் என்று நம்பியே வளர்ந்த தலைமுறை. அந்தப் பொறுமையைக் கும்பிடலாம். ஆனால் கீமோ நடக்கும் மாதங்களில் அது ஆபத்தான பழக்கம். அடுத்த சுற்று மருந்தை அதே அளவில் ஏற்றுவதா, குறைப்பதா, ஒரு வாரம் தள்ளுவதா என்று டாக்டர் முடிவெடுக்கும்போது ரத்தப் பரிசோதனை பாதி சொல்லும். மீதியை அம்மா சொல்ல வேண்டும். அந்த மீதி டாக்டர் காதுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதுதான் துணையிருப்பவரின் தலையாய வேலை. ஃபைல் தூக்குவதும் ஃப்ளாஸ்கில் வெந்நீர் பிடிப்பதும் அதற்குப் பிறகுதான்.

மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் எதைக் கவனிப்பது என்று புரியும். மார்பகப் புற்றுநோயில் பலருக்கும் முதலில் கொடுப்பது டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்த சிகிச்சை. பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு முறை, நான்கு சுற்று. அதன்பின் பாக்லிடாக்சல், வாரம் ஒன்றாகப் 12 முறையோ, மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறையோ வரும். இந்த மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகின்றன. புற்றுச் செல்கள் அப்படிப்பட்டவை. முடியின் வேரும், வாய், குடல் ஆகியவற்றின் உட்சவ்வும், ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையும்கூட அப்படிப்பட்டவைதான். களைக்கு அடித்த மருந்தில் பக்கத்துப் பயிரும் வாடுவதுபோல இவையும் வாடும். பயிர் தலைநிமிரக் கொடுக்கும் அவகாசம்தான் அந்த 21 நாள்.

ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் சோகை மெல்ல மெல்லத்தான் எட்டிப்பார்க்கும். கிருமிகளோடு முதலில் மோதும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவுக்கோ ஆயுள் மிகக் குறைவு, மணிக்கணக்கு அல்லது சில நாள். மஜ்ஜை சற்று ஓய்ந்தால் முதலில் தீர்ந்துபோவது அதுதான். மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை அதன் எண்ணிக்கை அடிமட்டத்தில் இருக்கும். ‘கவுன்ட் இறங்கிடுச்சு’ என்று வார்டில் சொல்வது இதைத்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். மருந்து ஏற்றும் நாளில் நாம் பதறிக்கொண்டு விழிப்பாக இருக்கிறோம். இரண்டு மூன்று நாள் குமட்டல், சோர்வு. அப்போதும் பக்கத்திலேயே இருக்கிறோம். ஐந்தாம் நாள் அம்மா எழுந்து உட்கார்ந்து, “வேலைக்குப் போப்பா, எத்தனை நாள் லீவு போடுவே” என்கிறார். நாமும் மூச்சு விட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ஆனால் அவர் உடம்பில் காவல் குறையும் நாட்கள் அப்போதுதான் தொடங்குகின்றன. லீவை முழுக்க முதல் மூன்று நாளிலேயே செலவழித்துவிடாதீர்கள். இரண்டாம் வாரத்துக்கு யாராவது வீட்டில் இருக்கும்படி இப்போதே அண்ணன், தங்கை, சித்தி எல்லோரிடமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரத்தில் காய்ச்சல் வந்தால் அது அவசரம். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி காட்டினால் இரவு இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெள்ளையணு குறைந்த உடம்பில் கிருமி புகுந்தால் சீழும் வீக்கமும் சிவப்பும் சரியாகத் தெரியாமல் போகலாம். இவற்றை உண்டாக்குவதில் அந்த அணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. காய்ச்சல் ஒன்றே வெளியே தெரியும் அடையாளமாக இருக்கலாம். அம்மா என்ன செய்வார்? உங்களை எழுப்ப மனமில்லாமல் ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு போர்த்திப் படுத்துவிடுவார். காய்ச்சல் இறங்கும், கிருமி இறங்காது. காலையில் நீங்கள் பார்க்கும்போது ரத்த அழுத்தம் விழுந்திருக்கலாம். அதனால் டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் இல்லை என்பதை வீட்டுச் சட்டமாகவே வையுங்கள்.

அவசரப் பிரிவில் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: “கேன்சர் பேஷண்ட், கீமோ போட்டு இத்தனை நாள் ஆச்சு, இப்போ காய்ச்சல்.” வெறும் காய்ச்சல் என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். இந்த நிலையில் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். நடுக்கம் வந்து, தெர்மாமீட்டரில் காய்ச்சல் தெரியாவிட்டாலும் போய்விடுங்கள்.

இனி மருந்து ஏற்றும் நாள். முதலில் எடையும் உயரமும் பார்ப்பார்கள். சடங்குக்காகப் பார்ப்பதில்லை. அந்த இரண்டையும் வைத்து உடம்பின் பரப்பளவைக் கணக்கிட்டுத்தான் மருந்தின் மில்லிகிராமை முடிவு செய்கிறார்கள். எடை நன்றாகக் குறைந்திருந்தால் அளவும் மாறும். செருப்பையும் கைப்பையையும் இறக்கிவைத்துவிட்டு அம்மாவை நிற்கச் சொல்லுங்கள். குமட்டலுக்கும் ஒவ்வாமைக்கும் முன்கூட்டியே ஊசி போடுவார்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கும். அது சர்க்கரையை ஏற்றிவிடும். அம்மாவுக்கு ஏற்கனவே சர்க்கரை இருந்தால் கீமோ டாக்டரிடமும் சர்க்கரை டாக்டரிடமும் சொல்லி, அந்த நாட்களுக்கு மாத்திரையை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்றிரவு அவர் கொட்டக் கொட்ட விழித்திருப்பதற்கும் அந்த ஸ்டீராய்டு காரணமாக இருக்கலாம். கவலையால் மட்டும்தான் தூக்கம் போயிற்று என்று நினைத்து நீங்களும் உடைந்துபோகாதீர்கள்.

பிறகு அந்தச் சிவப்பு மருந்து வரும். டாக்ஸோரூபிசின் நிறமே சிவப்பு. அடுத்த ஒன்றிரண்டு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். முன்பே சொல்லிவைக்காவிட்டால் ரத்தம் என்று பயந்து, அதையும் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்வார். இந்த மருந்து நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் தசையையே புண்ணாக்கிவிடும். ஊசி குத்திய இடத்தில் சுள்ளென்று எரிந்தாலோ, வீங்கினாலோ அந்த நொடியே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். “பாவம் சிஸ்டர், நாலு பேரைப் பார்க்குது, அப்புறம் சொல்லிக்கலாம்” என்று பல்லைக் கடிப்பார் அம்மா. மருந்து ஏறும் நேரம் முழுக்க செல்போனைப் பையில் போட்டுவிட்டு அந்தக் கையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பாருங்கள். கை நரம்பு திரும்பத் திரும்பக் கிடைக்காமல் போனால் மார்புத் தோலுக்கடியில் ‘கீமோ போர்ட்’ வைக்கும் வழி இருக்கிறது. டாக்டர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேட்கலாம்.

வீட்டில் “எப்படி இருக்கேம்மா?” என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும். கேள்வியைச் சின்னதாக்குங்கள். நேற்று எத்தனை முறை வாந்தி? வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆயிற்று? வாந்தி மாத்திரையாகக் கொடுக்கும் ஆன்டான்செட்ரான் மலத்தை இறுக்கும். அதை மகனிடம் சொல்ல எந்த அம்மாவுக்கும் நா எழாது. மகளோ மருமகளோ கேட்டால் சொல்வார். எனிமா எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள். கவுன்ட் இறங்கிய நாட்களில் ஆசனவாயில் சின்னக் கீறல் விழுந்தாலும் அது கிருமிக்கு வாசல்.

கேள்வியைவிடக் கண் நன்றாக வேலை செய்யும். ஊறுகாயை விரும்பிச் சாப்பிடுகிறவர் தயிர்சாதத்தை வெறுமனே சாப்பிடுகிறாரா? சூடாகக் காபி கேட்கிறவர் ஆற வைத்துக் குடிக்கிறாரா? வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், புண் இருக்கும். உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான நீரில் அடிக்கடி கொப்பளிக்கச் சொல்லுங்கள். மாவுபோல வெள்ளை படர்ந்திருந்தால் அது பூஞ்சை, அதற்குத் தனி மருந்து உண்டு. பாக்லிடாக்சல் தொடங்கியபின் கையும் காலும் மரத்துப்போகக்கூடும். அதையும் அவர் சொல்லமாட்டார். ஜாக்கெட் ஊக்கு போட முடியாமல் தடுமாறுவார், பூக்கட்டும்போது நார் விரலிலிருந்து நழுவும், செருப்பு கழன்றது தெரியாமல் நாலடி நடந்துவிடுவார். இதைப் பார்த்ததும் எழுதிவைத்து, அடுத்த ஓபியில் சொல்லுங்கள். அளவைக் குறைத்தோ இடைவெளி விட்டோ காப்பாற்ற முடியும். கடைசிச் சுற்றுவரை மறைத்தால் அந்த மரப்பு வருடக்கணக்கில் நிற்கலாம்.

இதற்கெல்லாம் ஒரு நோட்டு போதும். தேதி, காய்ச்சல், வாந்தி, மலம், சாப்பிட்டது, தூக்கம் என்று தினம் நாலு வரி. ஓபியில் டாக்டர் அம்மாவைப் பார்த்து “எப்படி இருக்கீங்க?” என்பார், அம்மா சிரித்துக்கொண்டே “நல்லாயிருக்கேன் டாக்டர்” என்பார். அப்போது அவர் பேச்சை வெட்டாதீர்கள், நாலு பேர் முன்னால் “பொய் சொல்றா” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். “அம்மா, ஒன்பதாம் தேதி ராத்திரி நடந்ததை டாக்டர்கிட்ட சொல்லும்மா” என்று நோட்டைத் திறந்து அவர் கையில் கொடுங்கள். அவரே சொல்லட்டும். இது அவருடைய உடம்பு.

இன்னொரு மறைப்பு நம் பக்கத்தில் இருக்கிறது. நிறையக் குடும்பங்களில் டாக்டரைத் தனியாகப் பிடித்து, “அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் சார், கட்டின்னுதான் சொல்லியிருக்கோம், தாங்கமாட்டாங்க” என்பார்கள். பாசத்தில் செய்வதுதான். எனக்கு இதில் உடன்பாடில்லை. கொட்டை எழுத்தில் புற்றுநோய் என்று எழுதிய பலகைக்குக் கீழேதான் அவரை உட்கார வைக்கிறோம். பக்கத்துக் கட்டில்காரம்மா முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். அம்மாவுக்குத் தெரியும், நமக்குத் தெரியக் கூடாது என்று அவர் நடிக்கிறார், அவருக்குத் தெரியக் கூடாது என்று நாம் நடிக்கிறோம். பயம் வரும்போது பேச ஆளில்லாமல் அவர் மட்டும் தனியாகிறார். அதைவிட நேரடியான கேடு ஒன்று உண்டு: தனக்கு ஏறுவது கீமோ என்றே தெரியாதவருக்கு, 100.4 டிகிரி ஏன் அவசரம் என்று எப்படிப் புரியவைப்பீர்கள்? எல்லாவற்றையும் ஒரே நாளில் தலையில் கொட்ட வேண்டியதில்லை. “அம்மா, உனக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்? டாக்டர்கிட்ட நீயே கேக்கறியா, நான் கேட்டுச் சொல்லட்டுமா?” என்று கேளுங்கள். அவர் எதுவரை கேட்கிறாரோ அதுவரை உண்மையாகச் சொல்லுங்கள்.

பெயரைச் சொல்லவே நடுங்குவதற்குப் பழைய காரணம் உண்டு. தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாறில் வெறும் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, இந்த நோய் வந்தால் சாவுதான் என்று படித்தவர்களே நம்பினார்கள். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும்வரை சலிக்காமல் சொல்லிவந்தது, நேரத்தோடு கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம் என்பதைத்தான். மார்பகப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் பிடிபட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்து நீண்ட காலம் வாழ்கிறார்கள். அம்மா பயத்தில் கேட்கும் முதல் கேள்விக்கு நீங்கள் தைரியமாகச் சொல்லக்கூடிய உண்மை இது.

அவர் மறைப்பதற்குப் பணமும் ஒரு காரணம். வலிக்கிறது என்றால் இன்னொரு ஸ்கேன், இன்னொரு பில், கடைசியில் தங்கச்சி கல்யாண நகை. இதைப் பேசாமலே மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. கீமோவும் ரேடியேஷனும் அறுவை சிகிச்சையும் அதில் வரும். அரசு மருத்துவமனையிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் அதற்கென்று தனி கவுன்ட்டர் இருக்கும். சிகிச்சை தொடங்குமுன்பே ரேஷன் கார்டும் ஆதாரும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு போய் விசாரியுங்கள். வெளியூரிலிருந்து ரயிலில் வருவதானால், மருத்துவமனை தரும் சான்றிதழைக் காட்டி ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகையும், கூட வருபவருக்கு 75 சதவீதமும் பெறலாம். இந்தக் கணக்கை அம்மாவிடமே உட்கார்ந்து சொல்லுங்கள். நகை பெட்டியில்தான் இருக்கிறது என்று தெரிந்தபின் சில அம்மாக்களுக்கு வாய் திறக்கிறது.

முடி, முதல் சுற்று முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் தலையணை முழுக்கக் கொட்டும். ‘மறுபடி வளர்ந்திடும்மா’ என்ற ஆறுதல் உண்மைதான், ஆனாலும் அது போதாது. அவர் வயதுப் பெண்களுக்கு மழித்த தலை அழகைவிடப் பெரிய ஒன்றைத் தொடும். சிறு வயதில், தாலி இழந்த பாட்டிகளை அந்தக் கோலத்தில் பார்த்து வளர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அந்த நினைவு வரும். யாரிடமும் சொல்லமாட்டார். கொட்டத் தொடங்குமுன் அவரே ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, தானாக முடியைக் குறைத்துக்கொள்வது நல்லது. பழனிக்கோ திருப்பதிக்கோ நேர்ந்துகொண்டு முதல் கீமோவுக்கு முன்பே காணிக்கை கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பறிபோனதாக இல்லாமல், தானே கொடுத்ததாக ஆகிவிடுகிறது. கவுன்ட் இறங்கியபின் கோயில் கூட்டமும் சவரக்கத்தியும் வேண்டாம். வீட்டிலேயே ட்ரிம்மர் போதும்.

உறவினர்கள் வருவார்கள். இருமலோடு வருகிறவரை வாசலிலேயே நிறுத்தும் கடுமையை அம்மா மேல் சுமத்தாமல் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். இன்னொருவர் ஏதாவது இலைச்சாறு கொண்டுவருவார். அம்மா அவர் மனம் நோகக் கூடாதென்று குடித்துவிட்டு உங்களிடம் சொல்லமாட்டார். செடிகொடிக்கும் கீமோவுக்கும் பகையில்லை. ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின், நம் வீட்டோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. பாக்லிடாக்சலும் முதலில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் கிடைத்ததுதான். ஆனால் அங்கே மில்லிகிராம் கணக்கு இருக்கிறது. அளவு தெரியாத சாறு, கீமோவின் சுமையை ஏற்கனவே தாங்கிக்கொண்டிருக்கும் ஈரலுக்கு மேலும் சுமை ஏற்றலாம். எது குடித்தாலும் நோட்டில் எழுது, நான் கோபப்படமாட்டேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுங்கள், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் இல்லை. புதிதாகச் சமைத்தது, கொதித்தாறிய நீர், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை. தாளிக்கும் வாசனையே குமட்டும், அந்த நேரத்தில் அவரை வேறு அறையில் உட்கார வையுங்கள். தட்டைப் பார்த்துக் கெஞ்சவோ அதட்டவோ வேண்டாம்.

அறுவை சிகிச்சைக்குப் பின் காயத்தோரம் ஒரு குழாயும் சிறு குடுவையும் தொங்கும். தினமும் எத்தனை மில்லி நீர் வடிந்தது என்று அளந்து எழுத வேண்டும். அது நன்றாகக் குறைந்தபின்தான் குழாயை எடுப்பார்கள். அம்மா வெட்கப்பட்டு ஒதுங்குவார். யார் பார்க்கலாம் என்று அவரையே கேளுங்கள். அக்குளில் நெறிகட்டிகளை எடுத்திருந்தால் அந்தக் கை வீங்கக்கூடும். வளையல் இறுகுவது முதல் அடையாளம். கைக்குச் சொல்லித்தந்த பயிற்சியைத் தினமும் கூடவே நின்று செய்ய வையுங்கள். ரேடியேஷனை ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள், அதனாலேயே ஷாக் அடிக்கும் என்ற பயம். எக்ஸ்ரே எடுப்பதுபோலத்தான், அந்த நேரத்தில் வலிக்காது. தோல் கறுப்பது பிறகு. தோலில் வரைந்த கோடுகளைத் தேய்த்துக் கழுவக் கூடாது. வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் இந்தச் சிகிச்சையில் அவர் உடம்பில் கதிர் எதுவும் தங்காது. பேரனைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். இதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பல பாட்டிகள் கேட்காமலே குழந்தையைத் தள்ளிவைக்கிறார்கள்.

சிலருக்கு நோய் முற்றிப்போய், குணமாக்கும் சிகிச்சை நின்று வலியைக் குறைக்கும் சிகிச்சை தொடங்கும். அப்போதும் மறைப்பு தொடரும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலி எத்தனை என்று கேட்டுப் பழக்குங்கள். மார்ஃபின் மாத்திரையைக் கண்டு பயப்பட வேண்டாம். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் எடுப்பவர் போதைக்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் மட்டும் கட்டாயம் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

உங்கள் அம்மாவுக்கு நல்லபடியாகவே முடியட்டும். முடிந்த பிறகும் ஒரு மாத்திரை இருக்கும். ஹார்மோன் சார்ந்த கட்டி என்று பயாப்சியில் வந்திருந்தால் டமாக்ஸிஃபெனோ லெட்ரோஸோலோ குறைந்தது ஐந்து வருடம், தினம் ஒன்று. அலைச்சல் ஓய்ந்து எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிய பிறகு, உடம்பு திகுதிகுவென்று எரிகிறது, மூட்டு வலிக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் அதை நிறுத்திவிடுவார். ஊருக்குப் போகும்போதெல்லாம் மாத்திரை அட்டையைப் புரட்டிப் பாருங்கள். மிச்சம் நிறைய இருந்தால் திட்டாதீர்கள். எந்த மூட்டு, எப்போது, எவ்வளவு என்று கேட்டு அந்தப் பழைய நோட்டில் எழுதி, அடுத்த செக்கப்பில் காட்டுங்கள். வேறு மாத்திரைக்கு மாற்றித் தர முடியும்.